பன்னிரண்டு மாதுளையும் ஒரு வாலும்

“நடுப் புயல்ல கைப்பிடியைத் தொடாம பன்னெண்டு மாதுளையை உரிச்சு, நாப்பது பேருக்கும் பங்கு வச்சேம்ல!”

பிலோமினா சொன்னதும் தூத்துக்குடி வான்பேருந்து விமானிகளின் உணவகமே கைதட்டியது. தட்டாத இரண்டு கைகள் லிங்கதுரையுடையவை.

“புயல் என்ன உங்க வீட்டுத் தொட்டிலா? ரொம்ப அளந்து விடாதியக்கா.”

அவன் வயிற்றெரிச்சலில் நூறு தோசை சுடலாம். மாலத்தீவுத் தடம் அவர்கள் இருவரில் ஒருவருக்குத்தான். அவள் வண்டியின் வாலில்தான் ஏதோ சூட்சுமம் என்று நினைத்து, மறுநாள் அந்த வண்டியையே கேட்டு வாங்கினான்.

வாலில் இருந்தது எல்லா வண்டியிலும் உள்ள வால்மதி என்ற கருவிதான். வண்டியின் மூக்கு தூக்கினால் விமானி கைப்பிடியை அமுக்குவார். அந்த அமுக்கத்தை உணர்ந்து வால்மதி வாலின் மடலைச் சாய்த்து, கையின் பாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும்.

கடல்மேல் மழைமேகம். மூக்கு தூக்கியது. பிலோமினாவை நினைத்துக்கொண்டே பலங்கொண்ட மட்டும் அமுக்கினான். வால்மதி அத்தனையையும் நம்பி மடலைச் சாய்க்க, மூக்கு குப்புறப் போனது. இழுத்தான், அதையும் நம்பியது. பதினோரு நிமிடம் வண்டி முங்கி முங்கி எழுந்தது. நாற்பது பயணிகள் நானூறு தெய்வங்களைக் கூப்பிட்டார்கள். அவன் கைக்குள் இருந்த பொறாமையை வால் ஒரு சொட்டு சிந்தாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் கை மரத்து, பிடி நழுவியது.

மூக்கு இரண்டு முறை மெல்ல ஆடி, அடங்கியது.

கை சும்மா இருக்குமா? மறுபடி கைப்பிடியை நோக்கி ஊர்ந்தது. அவசரமாகச் சாப்பாட்டுப் பையைத் திறந்தான்.

மறுநாள் விசாரணையில் தலைமை அதிகாரி ஜெபக்கனி அம்மா பறப்புப் பதிவை நீட்டினார். “கடைசி இருபது நிமிஷம் பட்டு மாதிரி வந்திருக்கு. ஆனா கைப்பிடியில கையே இல்ல. வால்மதி கோளாறா?”

‘ஆமாம்’ என்றால் போதும். பிலோமினாவின் வண்டி பழுதுபார்க்கக் கொட்டகைக்குப் போகும், அவளும் வண்டியில்லாமல் நிற்பாள், தடம் அவனுக்கு. அவள் கதவோரம் நின்றாள்.

லிங்கதுரை வாய் திறந்தான். மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினான். நகக்கண்ணில் இன்னும் வாசனை.

“கோளாறு என் கையிலதாம்மா. அதை அடக்கத்தான் நாலு சாத்துக்குடி உரிச்சேன்.” தலையைக் குனிந்துகொண்டான். “அக்கா உரிச்ச பன்னெண்டும் நெசந்தான்.”