எழில்மொழியின் மாமன்மார்

எண்ணூரில் உச்சி வெயிலில் பேய் உலவும் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த வெயிலுக்குப் பேய்க்கே மயக்கம் வரும் என்று சிரித்திருப்பேன். என் குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பிடித்த பரசுராமனிடம் அப்படி ஏதோ உளறிக்கொண்டுதான் வண்டி ஓட்டினேன். மீஞ்சூர்க்காரர், ஐம்பது வயதிலும் திடமான உடம்பு. பின்னால் பச்சைத் தென்னங்கீற்று, நாலு கழி, கயிறு, கீற்று வெட்ட அருவாள், ஒரு தட்டில் மஞ்சள் பட்டுப்பாவாடை. தங்கச்சி மகள் வயசுக்கு வந்துவிட்டாளாம். தாய்மாமன் குடிசை கட்டி உட்கார வைக்கப் போகிறாராம். சீர் கொண்டுபோகும் வண்டி என்றால் டிரைவருக்கும் இலை போடுவார்கள் என்று நான் காலைச் சாப்பாட்டைக்கூட விட்டிருந்தேன்.

"பொண்ணு யாரு வூட்ல கீது?" என்று கேட்டேன்.

"யாரு வூட்லயும் இல்ல பாய். எந்தங்கச்சி ஷாலுவும் அவ புருசனும் செத்து எவ்வளவோ வருசம் ஆச்சு. கொழந்தயும் போயிடிச்சின்னுதான் நெனச்சிகினு இருந்தேன். மீன் விக்கிற தாயம்மா சொல்லித்தான் தெரியும், அது உசுரோட கீதுன்னு. பழைய ரப்பர் கம்பெனி குவார்ட்டர்ஸ்ல."

"தனியாவா?"

"கொஞ்சம் சீக்கிரம் ஓட்டு பாய்," என்றார்.

அந்தக் கம்பெனியை எனக்குத் தெரியும். பாய்லர் வெடித்து ஒரு ஷிஃப்ட் ஆட்கள் மொத்தமும் வெந்துபோன பிறகு பூட்டியது. வடசென்னையில் இரும்பு திருடக்கூட ஆள் போகாத இடம் அது ஒன்றுதான்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். பின்னால் கழிமுகத்தின் சேற்று நாற்றம். கூரை விழுந்த வீடுகள் வரிசையாக நின்றன. எங்கும் சாம்பல் படிந்திருந்தது. கடைசி வீட்டு வாசல் மட்டும் பெருக்கி, சாம்பலாலேயே கோலம் போட்டிருந்தது. அங்கே ஒரு பெண் நின்றாள். ஆம்பிளைகளின் காக்கிச் சட்டை முழங்காலுக்குத் தொங்கியது. தலையை வழித்துச் சீவி, நூல் பிடித்தது மாதிரி வகிடு எடுத்து, இரட்டைச் சடை பின்னியிருந்தது. தனக்குத்தானே அப்படிப் பின்ன யாராலும் முடியாது.

"வா," என்றாள் பரசுராமனிடம். "நீ வருவேன்னு அம்மா சொல்லிச்சு."

அவர் பட்டுப்பாவாடைத் தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னா பேரும்மா உனக்கு? யாரு உன்ன வளத்தாங்க?" என்று நான் கேட்டேன்.

"எழில்மொழி. அம்மாவும் நைனாவும் வளத்தாங்க. அப்பால ஷிஃப்டு மாமாங்க. தாயம்மா வேலியாண்ட சோறு வச்சிட்டுப் போவும். மாமாங்க எடுத்தாந்து ஊட்டுவாங்க." சாதாரணமாகச் சொன்னாள். "எனக்கு மாமனுங்க நெறைய பேரு கீறாங்க பாய்."

அப்போதுதான் கேட்டேன். காலி வீடுகளின் வரிசையில் பூட்ஸ் சத்தம். கருகிய ரப்பரின் வாடை காற்றே இல்லாமல் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடலாம் என்று இருந்தது.

பரசுராமன் அசரவில்லை. மளமளவென்று நாலு கழி நட்டு, கீற்றைக் கட்டி, குடிசையை முடித்தார். அவளை உள்ளே உட்கார வைத்தார். பிறகு அருவாளை எடுத்துக் குடிசை வாசலில் குறுக்கே வைத்தார். வயசுக்கு வந்த பெண்ணைக் காத்து கருப்பு அண்டும், இரும்பு இருந்தால் அண்டாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை பெற்ற வீட்டில் எங்கள் ஆட்களும் தலைமாட்டில் கத்தி வைப்பார்கள். அதனால் எனக்கு எதுவும் தப்பாகத் தோன்றவில்லை.

அருவாள் தரையைத் தொட்டதும் பூட்ஸ் சத்தம் நின்றது.

வாடையும் போனது.

எழில்மொழியின் முகம் மாறியது. "பாய், அத்த எடுக்கச் சொல்லு," என்று மெதுவாகச் சொன்னாள். "அவங்களால வர முடியல."

சாம்பல் தரையைப் பார்த்தேன். குடிசையைச் சுற்றிப் பூட்ஸ் தடங்கள் ஒன்றொன்றாகப் பதிந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு பெண்ணின் வெறுங்கால் தடம். எல்லாம் குடிசைக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டன.

"அதுங்க வராது. அதுக்குத்தான் போட்டேன்," என்றார் பரசுராமன். கீற்றுக் கட்டி மிஞ்சிய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "எந்தங்கச்சி எவனோ ஒருத்தன இட்டுகினு வந்து, பூட்டிக் கெடந்த இந்த குவார்ட்டர்ஸ்ல குடித்தனம் பண்ணா. ரெண்டு பேரையும் இந்த வாசல்லதான் வெட்டினேன். கொழந்ததானே, கெடந்து சாவட்டும்னு வுட்டேன். இப்ப இது வயசுக்கு வந்துடிச்சி. நாளைக்கி இது ஒண்ணு பெக்கும். அந்த ரத்தம் பெருகக் கூடாது பாய்."

சாக்கடை அடைப்பெடுப்பதைப் பற்றிப் பேசுவது போல அவ்வளவு நிதானம்.

நான் வீரன் இல்லை. ஆனாலும் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். முழங்கையால் ஒரு இடி. மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம். கீழே விழுந்தவனை நெஞ்சில் மிதித்துவிட்டு, அருவாளைத் தாண்டி உள்ளே போனார். கயிற்றை அவள் கழுத்தில் போட்டு இறுக்கினார். அவள் கால்கள் கீற்றை உதைத்தன. மூச்சு இழுக்கும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அழுதேன், அதுதான் முடிந்தது.

திடீரென்று அலறியது அவர்தான். அவர் கட்டை விரலை எலும்பு தெரிய அவள் கடித்துவிட்டாள். கயிறு நழுவியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கயிற்றையே எடுத்திருந்தால் அன்றைக்கு அவர் நினைத்தது நடந்திருக்கும். கோபம் கண்ணை மறைத்தது. கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே குனிந்து, வாசலில் கிடந்த அருவாளைத் தூக்கினார்.

இரும்பு தரையை விட்டது.

தடங்கள் நகர்ந்தன.

ஓங்கிய அருவாள் அந்தரத்தில் நின்றது. அவர் மணிக்கட்டில் விரல் பதிந்த பள்ளங்கள் தெரிந்தன. பிடித்த இடம் சிவந்து, கொப்பளித்து, தோல் உரிந்து தொங்கியது. வெந்த கறியின் வாடை. பச்சைக் கீற்றெல்லாம் நெருப்பில்லாமலே பழுப்பேறிச் சுருண்டன. அவர் எதிரே யாரையோ பார்த்தார்.

"வேணாம் ஷாலு," என்றார்.

அவர் கழுத்தில் ஒரு வெட்டு திறந்தது. தோளில் ஒன்று. வயிற்றில் ஒன்று. அருவாள் அப்போதும் அவர் கையில்தான் இருந்தது. எந்தெந்த இடத்தில் தங்கச்சியை வெட்டினாரோ அந்தந்த இடம் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

பிறகு காலைப் பிடித்து இழுத்தார்கள். சாம்பலில் பத்து விரலும் கோடு போட, கம்பெனிக் கட்டடத்துக்குள் போனார்.

"காத பொத்திக்கோ பாய்," என்றாள் எழில்மொழி.

பொத்தினேன். அப்படியும் கேட்டது. ரப்பர் அரைக்கும் பெரிய உருளைகள் சுற்ற ஆரம்பித்தன. அதற்கு மேல் ஒரு மனிதக் குரல். அப்புறம் உருளைகள் மட்டும். அங்கே கரண்ட் இணைப்பைப் பிடுங்கிப் பல வருடம் ஆகிறது.

எல்லாம் அடங்கியதும் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது.

"அம்மா போவச் சொல்லுது. பெரியவளா ஆயிட்டேனாம், இனிமே உசுரோட கீறவங்களாண்ட இருக்கணுமாம். எனக்கு அங்க யாரையும் தெரியாது பாய்."

"எங்க வூட்ல கௌசர் கீது," என்றேன். வேறு என்ன சொல்வது?

கௌசர் என் மனைவி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கழுத்தில் இருந்த கயிற்றுத் தடத்தைப் பார்த்தாள், ஒரு கேள்வி கேட்காமல் சோறு போட்டாள். தண்டையார்பேட்டைத் தெருவுக்கு எழில்மொழி மெல்லப் பழகினாள். சிரிக்கக்கூடக் கற்றுக்கொண்டாள். ஒன்று மட்டும் அவளுக்கு வரவேயில்லை. சாவுக்குப் பயப்படுவது.

நேற்றுச் சாயங்காலம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருக்க, தண்டவாளத்தில் நின்று அதை வேடிக்கை பார்த்தாள். ஓடிப்போய் இழுத்துப் போட்டேன். எனக்கு உயிரே போய் வந்தது. பெற்றவன் மாதிரி ஆத்திரம் வந்து கையை ஓங்கினேன்.

கை இறங்கவில்லை.

மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்கள் இறுகின. வளையல்கள் உரசும் சத்தம் காதருகே கேட்டது. தோல் பொசுங்கத் தொடங்கியது.

எழில்மொழி என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"வுட்டுடும்மா," என்றாள். "இவரு எங்க பாய். பயந்துட்டாரு, அவ்வளவுதான்."

பிடி தளர்ந்தது. பிறகு அதே விரல்கள் மெதுவாக என் கையைக் கீழே கொண்டுவந்து, அவள் தலைமேல் வைத்தன.