பதினோரு கிளாம்புகள்

கிட்டாரின் மெல்லிய தந்தியில், கழுத்தின் குறுக்குக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் ஏழாவதில் விரலை அழுத்தி மீட்டியபோது, ஒலி பிறந்த உடனேயே அடங்கிப்போனது. ஆறாவதிலும் எட்டாவதிலும் தந்தி ஏழெட்டு வினாடி நின்று அதிர்ந்து, மேசைமேல் கிடந்த திருகாணிகளைக்கூட லேசாக நடுங்க வைத்தது. ஏழாவதில் மட்டும் 'தும்' என்று ஒரு சத்தம். யாரோ அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்தியதுபோல், அத்தோடு சரி.

மில்லி மறுபடியும் மீட்டிப் பார்த்தான். அதே கதைதான்.

மில்லி என்பது பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர். மரத்தைத் தொட்டுவிட்டால் மில்லிமீட்டர் கணக்கில் கால் மில்லி, அரை மில்லி என்றுதான் பேசுவான். ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாலும் ஓரம்வரை ஒரே கனத்தில் தடவுகிற ஆள் என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். வருடத்துக்கு நான்கு கிட்டார்தான் செய்வான். ஒவ்வொன்றையும் முடித்த பிறகும் விடமாட்டான். இழைத்த கழுத்தை மறுபடி இழைப்பான், தேய்த்ததை மறுபடி தேய்ப்பான்.

மரத்துக்குள் ஒலி எங்கே போய் ஒளிகிறது என்று கண்டுபிடிக்க அவன் காதைவிடப் பல்லைத்தான் நம்புவான். மின்சார இணைப்பு எதுவும் கொடுக்காமல், கிட்டார் உடலின் மேல்பக்கம் கொம்புபோல் நீண்ட முனையில் துணியைச் சுற்றிக் கடித்துக்கொண்டு மீட்டுவான். காதுக்கு எட்டாததெல்லாம் தாடை எலும்பு வழியாக மண்டைக்குள் வந்து சேரும். அன்று மாலையும் அப்படித்தான் கடித்துக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டை மீட்டினான். தும். ஒலி அடங்கியது. அது அடங்கிய இடத்தில், வெகு தூரத்தில், ஆனால் மரத்துக்கு உள்ளேயே, வேறொன்று கேட்டது.

டொக். டொக். டொக்.

வாயை வெடுக்கென்று எடுத்தான். பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. வார்னிஷ் வாசனை. வெளியே தூறல். எதிரே, மேசை திருகாணியால் முடுக்கப்பட்டிருந்த சுவர்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். எஃகு டம்ளரால் சுவரில் தட்டும் சத்தம்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது அக்காவின் அறை. மூச்சுக் கோளாறு முற்றிப்போய், தனியாக இருக்க முடியாமல், மூன்று வருடமாக அவர்களோடு இருந்தாள். இரவில் மனைவி பார்த்துக்கொள்வாள். பகலில் அவள் வேலைக்குப் போய்விட்டால் மில்லியின் பொறுப்பு. சத்தம் போட்டுக் கூப்பிட அக்காவுக்கு மூச்சு போதாது. அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால், நேரமிருக்கும்போது வா. மூன்று தட்டு என்றால், உடனே வா. ஏற்பாடு செய்தவன் அவன்தான். ஆனால் அக்காவுக்குத் தனிமை. ஜன்னலில் ஒரு அணில் வந்தாலும் மூன்று தட்டு தட்டுவாள். ஓடிப்போய் நின்றால், "ஒண்ணுமில்லடா, சும்மாதான். உக்காரேன் ரெண்டு நிமிஷம்" என்பாள். இவன் உட்காரமாட்டான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அந்த நாளில் காலையிலிருந்து ஆறு முறை ஓடியிருந்தான். ஏழாவது முறை தட்டு கேட்டபோது இந்தக் கிட்டாரின் கழுத்துக்கான ஐந்து மரச்சட்டங்களிலும் பசை தடவி முடித்திருந்தான். அந்தப் பசைக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆயுள். அதற்குள் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதினோரு கிளாம்பையும் மாட்டி இறுக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் சட்டங்கள் கோணலாக இறுகிவிடும், மொத்த மரமும் குப்பை. மூன்று தட்டு. முதல் கிளாம்பை இறுக்கினான். மூன்று தட்டு. இரண்டாவது. அப்போது அவன் ஒரு காரியம் செய்தான். மெஷின் ஓடும்போது காதுக்கு மாட்டும் காதுமூடி ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான். பட்டறையில் ஒரு மெஷினும் ஓடவில்லை.

அப்படியும் கேட்டது. மேசை சுவரோடு முடுக்கப்பட்டிருந்ததால் அதில் ஊன்றிய முழங்கை எலும்பு வழியே ஏறி வந்தது. எத்தனை தட்டு என்று எண்ணுவதை நிறுத்திவிட்டான். பத்தாவது கிளாம்பு. பதினோராவது. தட்டு நின்றது. நின்றதும் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது, யாருக்கும் கேட்காத ஒரு வார்த்தை.

"அப்பாடா."

வழிந்த பசையைத் துடைத்து, கையைக் கழுவிவிட்டுத்தான் போனான். அக்கா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். டம்ளர் இன்னும் கையில் இருந்தது.

மரம் குடையும் ரூட்டர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, காதில் மாட்டியிருந்தேன், கேட்கவில்லை. மனைவியிடம் அதைத்தான் சொன்னான். டாக்டரிடமும் அதையே சொன்னான். சொல்லச் சொல்ல நாக்கு பழகியது, மனசு பழகவில்லை. அவன் அழுதபோதெல்லாம் மனைவி முதுகைத் தடவிக்கொடுத்து, "மெஷின் சத்தத்துல எப்படிங்க கேக்கும்? உங்க மேல என்ன தப்பு?" என்பாள். அந்தக் கை முதுகில் படும்போதெல்லாம் கூனிக் குறுகிப்போவான்.

அக்காவின் அறைக்கு அவன் அதன்பிறகு போகவே இல்லை.

மறுநாள் தந்தியை மாற்றிப் பார்த்தான். ஏழாவது ஃப்ரெட்டை அரத்தால் ஒரு முடியளவு தேய்த்தான். பயனில்லை. பேஸ் கிட்டார் என்றால் எங்காவது ஓரிடத்தில் ஒலியை மரம் குடித்துவிடும், அது சகஜம்தான். கழுத்தின் தலைப்பகுதியில் கொஞ்சம் எடை கூட்டினால் அந்த இடம் நகரும். ஒரு சின்ன கிளாம்பைத் தலையில் மாட்டினான். நகர்ந்தது. ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கியது.

தட்டும் சத்தமும் கூடவே இறங்கியது.

அதற்கடுத்த நாள் எதையும் தொடவில்லை. அந்த இடம் தானாகவே மூன்றாவது ஃப்ரெட்டுக்கு இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை, முதலாவதில். இப்போது தட்டுகள் மூன்று மூன்றாக வரவில்லை. அவசரமாக, விட்டுவிட்டு, ஒழுங்கில்லாமல் வந்தன. துணியைக் கடித்த பல்லெல்லாம் கூசியது. ஒரு வெறும் மரத்துண்டுக்கு முன்னால் கண்ணை நிமிர்த்த முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கிட்டாரைச் செய்யச் சொல்லியிருந்தவன் வந்தான். ஆறரை அடி ஆள், எல்லோருக்கும் நெட்டை. நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, மடியில் வைத்து, ஆம்ப்ளிஃபயரில் சொருகி வாசித்தான். அடிவயிற்றில் வந்து உட்காருகிற நாதம். நெட்டையின் முகம் குழந்தை முகமாகிவிட்டது.

"அண்ணே, பிரமாதம்ணே. கழுத்து வழுக்கிட்டுப் போகுது."

விரல் முதல் ஃப்ரெட்டுக்கு இறங்கியது. தும்.

"இங்க மட்டும் என்னண்ணே, மூச்சடைச்ச மாதிரி நிக்குது?" என்றவன் தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தான். "உள்ள யாராவது தட்டுறாங்களா?"

"யாரும் இல்ல" என்றான் மில்லி. கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டான்.

"மரம் இன்னும் காயலையோ? கழுத்த எப்ப ஒட்டினீங்க?"

காபியோடு வந்த மனைவி பதில் சொன்னாள். "அக்கா தவறின அன்னைக்குத்தான் தம்பி. மெஷின் ஓடிட்டு இருந்திருக்கு, இவரு காதுல வேற மாட்டிட்டு இருந்தாரு. அவங்க தட்டினது பாவம், கேக்கவே இல்ல."

நெட்டை வெள்ளந்தி. மனசில் பட்டதை அப்படியே கேட்டுவிடுவான்.

"பசை போடறப்ப மெஷின் ஓடாதேண்ணே? போன தடவ நான்தானே கூட நின்னு கிளாம்பு எடுத்துக் குடுத்தேன்? வாயே திறக்க விடலையே நீங்க. அவ்வளவு அமைதியா இருக்கணும்னீங்க."

ஆம்ப்ளிஃபயர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. மில்லியின் முகத்தில் ஈயாடவில்லை. தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று நெட்டைக்கு மெதுவாகப் புரிந்தது. காபியைக்கூடக் குடிக்காமல், "சரி பண்ணி வைங்கண்ணே, நாளைக்கு வர்றேன்" என்று முனகிவிட்டுக் கிளம்பினான்.

மனைவி மில்லியையே பார்த்தாள்.

"கேட்டுச்சா உங்களுக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். தரையில் மரச்சுருள்கள்.

"ஒட்டி முடிச்சிட்டுப் போயிடலாம்னு... பன்னிரண்டு நிமிஷம்தான்."

"ரெண்டு மாசமா உங்களுக்கு நான் ஆறுதல் சொல்லிட்டு இருக்கேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு, குடையை மறந்துவிட்டு, மழையில் இறங்கித் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். வெளிக்கதவு மூடிய சத்தம் மேசைமேல் கிடந்த கிட்டாரின் நான்கு தந்திகளிலும் கொஞ்ச நேரம் நின்றது.

மணி ஐந்துதான் இருக்கும். ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மில்லி விளக்கைப் போடவில்லை. ஆணியிலிருந்து காதுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான். உலகம் அடைத்துப்போனது. துணியைக்கூடச் சுற்றாமல் கிட்டாரின் கொம்பைக் கடித்தான். தந்தியைத் தொடவே இல்லை.

டொக் டொக். டொக். டொக் டொக் டொக்.

காதுமூடியைக் கழற்றினான். மழை மட்டும். மாட்டினான். டொக் டொக். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து கிட்டாரின் மெருகில் விழுந்தது. "வர்றேன்கா" என்றான் மரத்தைக் கடித்தபடியே. "இதோ வர்றேன்."

எழுந்து, காதுமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அக்காவின் அறைக்கதவுக்குப் பட்டறையிலிருந்து பன்னிரண்டு அடி. அவன் அளந்து வைத்திருக்கவில்லை, இப்போதுதான் எண்ணினான். பன்னிரண்டு அடி, அவ்வளவே.

கதவைத் திறந்ததும் தைல வாசனை. யாரும் இல்லை. மடித்து வைத்த போர்வை. கட்டிலுக்கடியில் கழுவிக் கவிழ்த்த டம்ளர். ஜன்னல் வெளிச்சம் மங்கலாகச் சுவரில் விழுந்திருந்தது. தலையணை உயரத்தில், சுண்ணாம்பில், டம்ளரின் விளிம்பு பட்டுப் பட்டுப் பிறை பிறையாகப் பள்ளங்கள். மூன்று வருடத்துத் தட்டுகள். தெரிந்ததுதான். ஆனால் பள்ளங்கள் அங்கே நிற்கவில்லை. தலையணைக்குக் கீழே ஒன்று. அதற்குக் கீழே இரண்டு. கட்டில் விளிம்புக்குக் கீழே, சாய்ந்து சாய்ந்து, தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போயின. மண்டியிட்டு விரலால் தடவிக்கொண்டே கூடவே இறங்கினான். கடைசிப் பள்ளம் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில். அது பள்ளமே இல்லை, வெறும் கீறல்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அப்படியே சரிந்து உட்கார்ந்தான். வெட்கம் நெஞ்சை அடைத்தது. வெட்கம்தான் என்று நினைத்தான். இன்னொரு மூச்சு இழுத்தான். பாதிதான் வந்தது. அடுத்ததில் அதில் பாதி. எழுந்திருக்கப் பார்த்தான். கால் சொன்னதைக் கேட்கவில்லை. கூப்பிடப் பார்த்தான். காற்றுதான் வந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், பட்டறையில், ஒரு சத்தம்.

கிரீச்.

அவனுக்கு அதுவும் தெரியும். கிளாம்பின் திருகு சுற்றும் சத்தம். நிதானமாக, கால் சுற்று, அரைச் சுற்று. யாரோ வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

கை தரையைத் துழாவியது. டம்ளர் கிடைத்தது.

டொக். டொக். டொக்.

கிரீச். இரண்டாவது கிளாம்பு.

டொக். டொக். டொக்.

திருகு நின்றது. கேட்டுவிட்டது. யாரோ நிமிர்கிறார்கள். ஆணியிலிருந்து எதையோ எடுக்கிறார்கள்.

கிரீச். மூன்றாவது.

தட்டினான். மூச்சு இல்லை. தட்டினான். நான்காவது. ஐந்தாவது. கை சரிந்தது. சரிந்த இடத்தில் தட்டினான். அங்கே ஏற்கெனவே ஒரு பள்ளம் இருந்தது. டம்ளரின் விளிம்பு அதில் சரியாகப் பொருந்தியது. எட்டாவது. அதற்குக் கீழே இன்னொரு பள்ளம். அதிலும் பொருந்தியது. ஒன்பது. பத்து.

தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில், ஒரு கீறல்.

பதினொன்று.

டம்ளர் உருளவில்லை. கையிலேயே இருந்தது. மழை விட்டிருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், அவனுடைய குரலிலேயே, யாரோ சொன்னார்கள்.

"அப்பாடா."