வலது கண் முதலில்

கிண்ணத்தில் இருந்த திரவத்துக்கு வாசனை இல்லை.

மாலை ஐந்தே கால். கடைசி நோயாளியும் கிளம்பியாயிற்று. கண் மருத்துவமனையின் ஜன்னலில்லாத பரிசோதனை அறையில், கண்ணின் அழுத்தம் பார்க்கிற கருவிக்கு உறை போடக் குனிந்தபோது அவளுடைய முகக்கவசத்தின் காதுநாடா அறுந்தது. நான்கு மாதத்தில் அந்த அறைக்குள் அவள் மூக்கு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. பதறிப்போய் மூச்சைப் பிடித்தாள். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? விட்டு, மறுபடி இழுத்தபோதுதான் உறைத்தது. மேஜைமேல் ஒரு சாண் தள்ளி, கருவியின் முனை ஊறுகிற கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் இருக்க வேண்டியது ப்ளீச் கலந்த கிருமிநாசினி. இத்தனை அருகில் அதன் நெடி மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்க வேண்டும். கரிக்கவில்லை. கிண்ணத்தைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனாள். தண்ணீரின் குளிர்ச்சிதான் மூக்கு நுனியில் பட்டது.

இரண்டு காரணம்தான் இருக்க முடியும் என்று நிதானமாக யோசிக்கப் பார்த்தாள். கிண்ணத்தில் இருப்பது கிருமிநாசினி இல்லை. அல்லது, அவள் மூக்கு வேலை செய்யவில்லை. ஊரெங்கும் பரவுகிற இந்த மூச்சுக் காய்ச்சலில் முதலில் வாசனை போகும், பிறகு ருசி போகும், அப்புறம்தான் மூச்சு.

"ரேடியோ, கொஞ்சம் வாயேன்."

வரவேற்பில் உட்காருகிறவளை மருத்துவமனை மொத்தமும் அப்படித்தான் கூப்பிடும். காலையில் கதவு திறந்தால் சாத்தும்வரை அவள் வாய் ஓயாது.

"என்னடி, மறுபடி எதையாவது எண்ணிப் பாக்கணுமா?"

"இதை மோந்து பாரு."

"குடிக்கிறதா?"

"மோந்து பாருன்னா."

ரேடியோ கவசத்தை இறக்கி மோந்தாள். "ஒண்ணும் வரல. ஆனா என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாத தாயே, எனக்கு நேத்துலேருந்து மூக்கடைப்பு." புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். கண் சிவந்து நீர் கோத்திருந்தது. வலது கண். "அப்புறம் கேட்டியா? சனிக்கிழமை வந்தாரே, கடிகாரம் ரிப்பேர் பண்றவரு, அவரு முந்தாநேத்து போயிட்டாராம். மூச்சுக் காய்ச்சல்தான். அடுத்த தேதி வேண்டாம்னு மகன் போன் பண்ணான். பாவம், எவ்வளவு ஒழுங்கா முகத்தை மூடிட்டு வந்தாரு."

அவளுக்கு அவரை நினைவிருந்தது. பதினேழாவது ஆள். கருவியில் தாடையை வைத்தபோது வலது கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. இரண்டு முறை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் முனையை வைத்தாள். விரல்நகம் அளவுக் கண்ணாடி முனை. மரத்துப்போக மருந்து விட்டு, அதைக் கருவிழிமேல் மெல்லத் தொட்டு அழுத்தம் பார்ப்பார்கள். யாராக இருந்தாலும், சனிக்கிழமை மாலை தங்களுக்குள் பார்த்துக்கொள்கிற ஊழியர்களானாலும், வலது கண் முதலில், பிறகு இடது. ஒரு முனை வேலை செய்யும்போது இன்னொன்று கிண்ணத்தில் ஊறும். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை அவள் ஒருநாளும் குறைத்ததில்லை.

ஆனால் எதில் ஊறியது?

சாமான் அறைக்குப் போய் விளக்கைப் போட்டாள். கிருமிநாசினியை வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலையில், பெரிய கேனில் அவள்தான் கலப்பாள். கோடு வரைக்கும் தண்ணீர், பிறகு ப்ளீச். சுவரில் தொங்கிய தாளில் சனிக்கிழமைக் கட்டத்துக்குள் அவள் கையால் போட்ட டிக் அழகாக இருந்தது. மறந்துவிடக் கூடாதே என்று வேலையைத் தொடங்கும்போதே டிக் போட்டுவிடுவது அவள் பழக்கம். சனிக்கிழமை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள அக்கா வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். ஓடிப்போய்க் கைகொடுத்து அழைத்து வந்தாள். திரும்பி வந்து தாளைப் பார்த்தாள். டிக் இருந்தது. கேனை மூடினாள்.

அலமாரியின் மேல்தட்டில் ப்ளீச் பாட்டில் புதிதாக நின்றது. கழுத்தைச் சுற்றிய பிளாஸ்டிக் வளையம் அறுபடவே இல்லை.

சனி, திங்கள், செவ்வாய், இன்று. நான்கு நாள். ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் வெட்கங்கெட்ட நிம்மதி ஒன்று எட்டிப் பார்த்தது: அப்படியானால் என் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம்தான் சனிக்கிழமை வரிசை ஞாபகம் வந்தது. பதினாறு, பதினேழு. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில், ஊழியர் வீட்டு ஆள் என்பதால் எண் போடாமல் ஒருத்தியை உட்கார வைத்தாள். ஊறிக்கொண்டிருந்த முனையை எடுத்து மாட்டியபோது, அது பதினாறாவது ஆளைத் தொட்டதா பதினேழாவது ஆளைத் தொட்டதா? இரண்டு முனையும் ஒரே கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தவைதானே, எதுவாக இருந்தால் என்ன?

அக்கா.

அக்காவுக்கு ஒரு நுரையீரல்தான். பத்தொன்பது வயதில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். "இன்னொண்ணை ஸ்பேரா வெச்சிருக்கேன்" என்பாள். இந்தக் காய்ச்சல் அவளைத் தொட்டால் தாங்க மாட்டாள் என்று நுரையீரல் மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அதனால்தான் நான்கு மாதமாக வீட்டுக்குள்ளும் இருவருக்கும் கவசம், தனித்தனித் தட்டு, திறந்த ஜன்னல். எல்லாம் மூக்குக்கும் வாய்க்கும். இந்தத் திங்கட்கிழமைதான் கண் டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "கண்ணீர்லயும் இருக்கலாம்மா. கண்ணுலேருந்து மூக்குக்கு ஒரு சின்ன ஓடை இருக்கு, அது வழியா உள்ள இறங்கும். இனிமே எல்லாரும் கண்ணுக்கும் கண்ணாடி போட்டுக்கங்க."

கண் டாக்டருக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதி அனுப்பினாள். எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். அப்படிப் படித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பேருந்தில் ஏறியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஈரக் குடைகளும் வேர்த்த சட்டைகளும் நெருக்கியடித்த கூட்டத்தில், ரேடியோ கொடுத்த புதுக் கவசத்துக்குள் எந்த வாடையும் இல்லாமல் நின்றாள். எதிர் இருக்கையில் ஒரு பள்ளி ஆசிரியை. செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது ஆள். கைக்குட்டையை மடித்துக் கண்ணில் ஒற்றினாள், எடுத்தாள், மறுபடி ஒற்றினாள். வலது கண். மடியிலிருந்த குழந்தை அந்தக் கைக்குட்டையைப் பிடித்து இழுத்துத் தன் முகத்தில் வைத்து விளையாடியது. இரண்டு இருக்கை தள்ளி ஜன்னலோரம், திங்கட்கிழமை வந்த ஒரு தடித்த மனிதர், ஓடுகிற தெருவிளக்கின் வெளிச்சம் முகத்தில் வந்து வந்து போக, வலது கன்னத்தில் மட்டும் ஈரம் பளபளக்க உட்கார்ந்திருந்தார். அவர் அழவில்லை. முகத்தில் எந்தத் துக்கமும் இல்லை. அது பாட்டுக்கு வழிந்தது. ஊறி வந்த முனை முதலில் தொடுவது வலது கண்ணை. அதில் ஒட்டியிருப்பது அங்கேதான் இறங்கும். அவள் எண்ணக் கூடாது என்று நினைத்தாள். எண்ணினாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி ஏழே முக்கால். கூடத்தில் விளக்கு எரியவில்லை. ஜன்னலோர நாற்காலியில் அக்கா சாய்ந்திருந்தாள். தையல் மெஷின்மேல் பாதி தைத்த தலையணை உறை ஊசியில் மாட்டியபடியே கிடந்தது. தெருவின் மஞ்சள் வெளிச்சத்தில் கவசத்தின் வெள்ளை மட்டும் தெரிந்தது. மூச்சோடு உள்ளே போயிற்று. வெளியே வந்தது.

"பூட்டினியா, பூட்டினதைப் பாத்தியா, பாத்ததை எழுதினியா?" என்றாள் அக்கா. தினமும் கேட்கிற கிண்டல்தான். ஆனால் நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினாள்.

"ஏன்க்கா இருட்டுல உக்காந்திருக்க?"

"கண்ணு கூசுதுடி. வலது கண்ணுல என்னமோ அரிப்பு. நூல் தூசி விழுந்திருக்கும்."

கை கழுவினாள். இருபது வரை எண்ணிக் கழுவினாள். தினமும் எட்டு மணிக்கு அக்காவின் கண் அழுத்தத்துக்கு இரண்டு சொட்டு மருந்து. முதல் சொட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும். முதல் மருந்து கண்ணில் விழுந்த கொஞ்ச நேரத்தில் தொண்டைக்கு இறங்கிவிடும், "எட்டிக்காயைக் கரைச்சு ஊத்துறியா?" என்று அக்கா தினமும் முகத்தைச் சுளிப்பாள். இறங்காமல் இருக்க, கண்ணின் மூலையில், மூக்கை ஒட்டிய இடத்தில், விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அங்கேதான் ஓடையின் வாய்.

மேஜை விளக்கைப் போட்டாள். வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. நீர் நிரம்பி, இமை மடிப்பைத் தாண்டி, கன்னத்தில் இறங்கி, கவசத்தின் மேல்விளிம்பில் ஊறிக்கொண்டிருந்தது. இடது கண் வறண்டு, வெள்ளையாக, அவளையே பார்த்தது.

"என்னடி அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. மேல பாரு."

சொட்டு விழுந்தது. விரலை வைக்க மறந்தாள். காத்திருந்தாள். அக்கா முகத்தைச் சுளிக்கவில்லை.

"இன்னிக்குக் கசக்கவே இல்லையேடி," என்றாள் அக்கா, கண்ணை மூடியபடி. குரலில் சந்தோஷம். "மருந்தை மாத்திட்டாங்களா?"

"இல்லக்கா."

"பரவாயில்லை. நல்லாத்தான் இருக்கு."

ஆம்புலன்சுக்கு போன் செய்தாள். வருகிறோம், இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். போனைக் கையில் பிடித்தபடி சமையலறைக்குப் போனாள். ஏன் போனாள் என்று தெரியாது. காப்பித்தூள் டப்பாவின் மூடியைத் திறந்து, கவசத்தை இறக்கி, முகத்தையே உள்ளே வைத்து இழுத்தாள். தூள் மூக்கில் ஒட்டியது. சோப்பைத் தேய்த்து மோந்தாள். மண்ணெண்ணெய்த் துணியை மோந்தாள். ஒன்றுமில்லை. எங்கும் ஒன்றுமில்லை. உலகத்தையே யாரோ நன்றாக அலசிக் கழுவி வைத்ததுபோல. கண்ணுக்குள் ஏதோ அரித்தது. தேய்க்கக் கூடாது. தேய்க்கவில்லை.

இரண்டு காரணத்தில் ஒன்று என்று நினைத்தாளே. இரண்டும்தான்.

கூடத்திலிருந்து ஒரு சத்தம். ஈரத்துணியை வாளியிலிருந்து மெல்லத் தூக்குவதுபோல. மறுபடி. பிறகு நெடுநேரம் இல்லை. மறுபடி.

"அக்கா?"

ஓடி வந்தாள். அக்கா அதே சாய்மானத்தில், மருந்துக்குக் காத்திருப்பவளாக, முகத்தை மேலே தூக்கி, கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். கவசம் ஒழுங்காக இருந்தது. மூக்குமேல் கம்பி அழுத்தி, தாடைக்குக் கீழே இறக்கி, நான்கு மாதமாகப் போட்டதுபோலவே. கவசம் உள்ளே போயிற்று.

வெளியே வரவில்லை.

அவள் விரலை வைத்தாள். கண்ணின் மூலையில். மூக்கை ஒட்டி. டாக்டர் காட்டிய இடத்தில். ஓடையின் வாயில். அழுத்தினாள்.

எட்டு மூன்று. எட்டு நான்கு.

கவசம் அசையவில்லை. அக்காவின் மார்பு அசையவில்லை. கை நாற்காலிக்கு வெளியே சரிந்து தொங்கியது. கூப்பிட்டாள். உலுக்கினாள். இன்னொரு கையால் உலுக்கினாள். அந்த விரலை மட்டும் எடுக்கவில்லை.

எட்டு ஐந்து. இரண்டாவது மருந்துக்கு நேரம்.

மேஜை விளக்கின் வெளிச்சத்தில் இடது கண் மங்கி, காய்ந்து, எங்கோ நின்றுவிட்டது. வலது கண் மட்டும் நிரம்பியது. மெதுவாக. ஊற்றுபோல. நிரம்பி, இமையைத் தாண்டி, அவள் விரலின் இரண்டு பக்கமும் வெதுவெதுப்பாக வழிந்தது. ஒற்றினாள். மறுபடி நிரம்பியது.

அவளுடைய வலது கன்னத்திலும் ஏதோ இறங்கியது. அவள் இன்னும் அழத் தொடங்கவில்லை.