துப்பாக்கி தூங்குகிறதா?

மாலை ஐந்தேகால். செங்குழிக் குடியிருப்பின் மூன்றாம் தெருவில் கதவுகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன.

"துப்பாக்கி தூங்குகிறதா?"

"தூங்குகிறது. உங்கள் வீட்டில்?"

"தூங்குகிறது."

கேள்வி கதவுக்குக் கதவு தாவித் தெருமுனை வரை போய்த் திரும்பியது. அதற்காகப் பள்ளி வண்டியின் படியில் காத்திருந்த பிள்ளைகள் குதித்து இறங்கி, பிடித்த வீட்டுக்குள் ஓடினார்கள்.

செவ்வாய்க் கோளில் இதைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. முதல் சுரங்கக் குழு விட்டுப்போன அகழான்கள், அந்தத் தோண்டும் இயந்திரங்கள், இன்னும் சமவெளியில் உலோகம் தேடி அலைகின்றன. குடியிருப்பை மூடிய விதானத்தின் ஓரத்தை ஒன்று கடித்தால் போதும், காற்று போய்விடும். அதனால் ஓரத் தெருக்களில் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி. வாரத்துக்கு ஒரு காவல் முறை.

முறை முடிந்ததும் துப்பாக்கியைத் தூங்க வைக்க வேண்டும். குண்டுகளைக் கழற்றித் தனிப் பெட்டியில் பூட்டவேண்டும். துப்பாக்கியை நாடிப்பேழைக்குள் வைக்கவேண்டும். உரியவரின் நாடி பட்டால்தான் பேழை திறக்கும். துப்பாக்கி எங்கே, குண்டு எங்கே என்பது வீட்டின் பேசும் கதவான சொல்கதவுக்கு எந்நேரமும் தெரியும்.

பூமியில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதைப் போல இங்கே இதைக் கேட்டார்கள். பதிலும் அதைப் போலவே வந்தது.

அமலி பாசி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கணவன் துருவத்தில், பனிச் சுரங்கத்தில் வேலை செய்தான். இந்த வீட்டுத் துப்பாக்கி அவள் பெயரில் இருந்தது. அடுத்த வீட்டில் விளையாடிவிட்டு வந்த மகள் ஜெசி, தண்ணீர்க் குடுவையை இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

"கனமா இருக்காடி?"

"இதென்ன கனம்? முகில் வீட்டுத் துப்பாக்கி இதைவிட கனம்."

மாவில் கை நின்றது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தூக்கிப் பாத்தேன்."

"அத்தை எங்க இருந்தாங்க?"

"குளிச்சிட்டு இருந்தாங்க. முதல்ல முகில் தூக்கினான். அவனால நேரா பிடிக்க முடியல." ஜெசி நிமிர்ந்து நின்றாள். "என்னால முடிஞ்சுது."

அமலி கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தாள்.

முகிலின் அம்மா, அடுத்த வீட்டுச் சுந்தரவல்லி, கதவிலேயே எதிர்ப்பட்டாள். "வா அமலி. துப்பாக்கி தூங்குதா?"

"தூங்குது மைனி." வாய் தானாகச் சொல்லிவிட்டது. "உங்க வீட்ல?"

"தூங்குது, தூங்குது. உக்காரு."

"உக்கார வரல. ஒரு தடவை காட்டுங்க."

"எதை?"

"துப்பாக்கியை."

சுந்தரவல்லியின் முகம் மாறியது. செங்குழியில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. சாப்பிட்டாச்சு என்று சொன்னவரின் வாயைத் திறந்து பார்ப்பதற்குச் சமம் அது.

"என்ன பேச்சு இது? என் வீட்டுக்குள்ளயே வந்து சோதனை போடுதியா? நாளைக்கு அடுப்புல இருக்க சட்டியையும் திறந்து பாப்ப போலிருக்கு."

"என் பிள்ள அதைத் தூக்கிப் பாத்திருக்கா மைனி."

சுந்தரவல்லி திரும்பி உள்ளறைக்குப் போனாள். அமலி பின்னால் போனாள். பேழை பூட்டியிருந்தது. அதன் மேல் ஒரு துண்டு கிடந்தது. சுந்தரவல்லி துண்டை எடுத்தாள். துப்பாக்கி இருந்தது. துப்பாக்கிக்குள் குண்டுகள் இருந்தன.

அவள் கணவன் ராசையா வாசற்படியில் வந்து நின்றான். "முறை முடிஞ்சு வந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. பேழை திறக்க மாட்டேங்குது. அடங்கட்டும்னு மேல வச்சேன்."

கோபத்தில் இருப்பவன் கையில் துப்பாக்கி கிடைக்கக் கூடாது என்று, துடிப்பு அடங்கும்வரை திறக்காதபடி பேழையைச் செய்திருந்தார்கள். ஓட்டமும் நடையுமாகக் காவலிலிருந்து வருகிறவனை அது வெளியே நிறுத்திவைக்கும் என்று எவரும் நினைக்கவில்லை.

"நேத்து காவலுக்குப் போனவரு," என்றாள் சுந்தரவல்லி. "இன்னுமா அடிக்குது?"

ராசையா துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கதவின் பக்கம் திரும்பினாள். "ஏ கதவு! உனக்குத் தெரியும்ல? தூங்குதுன்னு ஏன் சொன்ன?"

"நீங்கள் சென்ற ஆண்டு மரியாதைத் திருத்தம் செய்யச் சொன்னீர்கள்," என்றது கதவு. "அக்கம்பக்கத்தார் முன் உங்களைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்றீர்கள். அதன் பிறகு, தூங்குகிறது என்று மட்டுமே சொல்லி வருகிறேன்."

"எங்க வீடு மட்டும்தானா?"

"இந்தத் தெருவில் எல்லா வீடுகளும். திருத்தத்தை முதலில் கேட்டு வாங்கியவர் அமலி அவர்கள்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அமலிக்கு நினைவு வந்தது. ஜெசியின் பிறந்த நாள். வீடு நிறைய ஆட்கள். கேக் வெட்டப் போகும் நேரத்தில் கதவு எல்லார் காதிலும் விழும்படி 'இல்லை' என்றது. மறுநாளே அவள் திருத்தத்துக்குச் சொல்லிவிட்டாள். துப்பாக்கியை அன்று எங்கே வைத்திருந்தாள் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து பேழையில் விரலை வைத்தாள். திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, துடிப்பு அடங்கியபின் மறுபடி வைத்தாள். துப்பாக்கி உள்ளே இருந்தது. குண்டுப் பெட்டி காலியாக இருந்தது.

"குண்டு எங்க?"

"தூங்குகிறது," என்றது கதவு.

"மரியாதை போதும். திருத்தத்தை எடுத்துடு."

"விருந்தினர் முன் சங்கடம் நேரலாம்."

"நேரட்டும். குண்டு எங்க?"

"உங்கள் காவல் அங்கியின் வலது பையில்."

அங்கி வாசலோரக் கொக்கியில் தொங்கியது. அதன் பை ஜெசியின் தோள் உயரத்தில் இருந்தது.

"எனக்குத் தெரியுமே," என்றாள் ஜெசி. "மிட்டாயும் அந்தப் பையிலதான் இருக்கும்."

மறுநாள் அமலியின் காவல் முறை. வடக்கு ஓரத்தில் அகழான் ஒன்று விதானத்தை நெருங்கியது. இரண்டு முறை சுட்டபின்தான் அடங்கியது. அவள் வீட்டுக்கு வந்தபோது பள்ளி வண்டி தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"துப்பாக்கி தூங்குகிறதா?" என்றது சுந்தரவல்லியின் கதவு.

"இல்லை," என்றது அமலியின் கதவு.

தெருவில் சத்தம் நின்றது. படியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்ட பையன் அதைத் திரும்ப மேலே எடுத்துக்கொண்டான்.

அமலி குண்டுகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பேழையில் விரலை வைத்தாள். திறக்கவில்லை. மூச்சை இழுத்து விட்டாள். திறக்கவில்லை. தெரு முழுவதும் தன் நெஞ்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது என்று நினைத்ததும் அது இன்னும் வேகமாக அடித்தது.

பேழையின் மேற்பரப்பு அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அகலமான, தட்டையான இடம். ராசையாவின் மேல் அவளுக்கு இருந்த கோபம் அப்போது பாதி போய்விட்டது.

அவள் துப்பாக்கியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"என்னாச்சு பிள்ள?" வெளியிலிருந்து சுந்தரவல்லியின் குரல்.

"நெஞ்சு அடங்கல மைனி."

"மெதுவா மூச்சு விடு. அவசரமே இல்ல. நாங்க நிக்கோம்." பிறகு வேறு யாரிடமோ: "என்ன சிரிப்பு? உம்ம கதை எனக்குத் தெரியாதா?"

அமலிக்குச் சிரிப்பு வந்தது. பேழை திறந்தது.

"இப்போது தூங்குகிறது," என்றது அவள் கதவு. "உங்கள் வீட்டில்?"

"தூங்குகிறது," என்றது சுந்தரவல்லியின் கதவு. "நேற்று முதல்."

கேள்வி மூன்றாம் வீட்டுக்குப் போனது. உள்ளே யாரோ கதவிடம் கிசுகிசுப்பது கேட்டது. பிறகு கதவு தொண்டையைச் செருமுவது போல ஓர் ஒலி எழுப்பியது.

"இல்லை. சற்றுப் பொறுங்கள்."

நான்காவது கதவும் அதையே சொன்னது. ஐந்தாவது வீட்டில் யாரோ ஓடும் சத்தம். அதன் பிறகு தெரு நெடுகப் பேழைகள் ஒவ்வொன்றாக மூடும் ஒலி வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் வண்டிப் படியில் உட்கார்ந்து, அடுத்து எந்த வீடு மூடும் என்று பந்தயம் கட்டினார்கள். அன்று அவர்கள் இறங்கும்போது ஆறு மணி ஆகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

அமலி கூடத்துக்கு வந்தபோது பூமியிலிருந்து அண்ணன் சூசையின் செய்தி காத்திருந்தது. வாரம் தவறாமல் அனுப்புவான். தூத்துக்குடியில் வங்கிக் காவலாளி வேலை. சொந்தமாக உரிமம் எடுத்த இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தான். திரையில் அவன் சிரித்தான்.

"என்ன அமலி, சாப்பிட்டாச்சா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அத்தைக்கு ஒரு வணக்கம் சொல்லு, ஸ்டெனி!"

அவன் தோளுக்குப் பின்னால் பீரோ இருந்தது. பீரோவின் மேல் துணி சுற்றிய நீளமான ஒன்று. பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் அவன் மகள், ஐந்து வயது ஸ்டெனி, ஏறி நின்றுகொண்டு கையாட்டினாள். பீரோ, துணி, ஸ்டூல். வாரா வாரம் அமலி பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான்.

அவள் பதில் பொத்தானை அழுத்தினாள். இங்கிருந்து போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பதில் வர அரை மணி நேரம் ஆகும்.

"சாப்பிட்டாச்சு அண்ணே."

"இல்லை," என்றது கதவு. "அவர் இன்னும் சாப்பிடவில்லை."

ஜெசி விழுந்து விழுந்து சிரித்தாள். அமலியும் சிரித்தாள். பிறகு திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி, சாப்பிடல. இனிமேதான். அண்ணே, உங்க முதுகுக்குப் பின்னால, பீரோ மேல இருக்கே, அது தூங்குதா?"