பாறைக்குள் போன தண்ணீர்

ஏழாம் எண்ணெய்க் கிணற்றின் குழாயிலிருந்து பச்சை வர வேண்டும். வந்தது சிவப்பு.

நாற்பது நாளைக்கு முன்னால், அரை கிலோமீட்டருக்கு அப்பால், தண்ணீர் இறக்கும் கிணற்றில் பச்சைச் சாயம் கலந்து விட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் பாறையின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் நுழைந்து, அங்கே இருக்கும் எண்ணெயை முன்னே தள்ளிக்கொண்டு, எந்தக் கிணற்றில் எப்போது எட்டிப்பார்க்கும் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த சாம்பிள் வேலை. துருவாக இருக்கும் என்று சாம்பிள் பிடிக்க வந்த அமன்தாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

எட்டுக் கிணறுகளின் குழாய்களும் வந்து சேரும் தகரக் கொட்டகை அது. மங்கிஸ்தா பாலைவனத்தின் மத்தியானக் காற்று தகரத்தை விடாமல் பிராண்டிக்கொண்டிருக்க, ஆணி ஓட்டைகள் வழியே வெயில் ஊசி ஊசியாக இறங்க, மெழுகும் கந்தகமுமாக எப்போதும் மூக்கில் ஏறும் வாடைக்கு அடியில் இன்று வேறொரு வாடையும் இருந்தது. குதிரை அறுக்கும் முற்றத்து வாடை. பாட்டிலைச் சாய்த்தான். உள்ளே இருந்தது உறைய ஆரம்பித்திருந்தது.

கைப்பேசி அடித்தது. மனைவி உல்போசின்.

"என்னங்க, குதிரைக்கறி வெந்தாச்சு, மொல்லா வந்து உக்காந்தாச்சு. என் தம்பியோட நாப்பதாம் நாளுக்கு நீங்க இல்லாமயா ஓதுறது?"

"எட்டு பாட்டில்தான். பிடிச்சிட்டு ஓடி வரேன்."

"எட்டையும் ஒரே குழாயில பிடிச்சிட்டு வாங்களேன். மாமாவுக்கு நாலடி நடக்கவும் சோம்பல்னு இஸ்பசார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான், பாவம்."

சிரித்ததோடு விட்டிருந்தால் இஸ்பசார் இன்று உயிரோடு இருப்பான். "அக்கா புருஷனாச்சேன்னு இத்தனை நாள் பொறுத்தேன் மாமா. நீங்க எட்டையும் ஒரே குழாயில பிடிக்கிறத நாளைக்கு இன்ஜினியர்கிட்ட சொல்லிடுவேன்," என்றான். மறுநாள் காலை அவன் தண்ணீர் இறக்கும் கிணற்றின் வாயில் குனிந்து கேஸ்கெட் மாற்றிக்கொண்டிருந்தான். வால்வைத் திறக்கும் முன் குழாயில் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டுவது இங்கே வழக்கம். எதிர்முனையில் இருப்பவன் விலகிக்கொள்வான். அமன்தாய் தட்டவில்லை. திறந்தான். பேரழுத்தத்தில் பீறிட்ட தண்ணீர் மச்சானின் கழுத்தைப் பாதிக்குமேல் அறுத்துவிட்டது.

ரத்தத்தைக் கழுவித் தொட்டிக்குள் தள்ளியதும் அவன்தான். அந்தத் தொட்டித் தண்ணீர்தான் சாயத்தோடு பாறைக்குள் போனது. தட்டினேன், அவன் காதில் விழவில்லை என்று உல்போசின் முன்னால் ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தான். அவள் நம்பினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டால் அவன் செத்தான்.

இந்த பாட்டில் ஆய்வுக்கூடத்துக்குப் போகக் கூடாது. குழாயை மூடினான். அது மூடிக்கொள்ளவில்லை. சிவப்போடு கொத்தாக முடி வந்து விழுந்தது. முடியே நுழைய முடியாத பாறை அது.

டக். டக். டக்.

குழாய்க்குள்ளிருந்து.

பிறகு மெல்லிய சீறல். எங்கோ ஊசித்துளை. பதற்றத்தில் உள்ளங்கையை வைத்துத் தேடினான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே செய்யாதே என்று சொல்லித்தரும் காரியம்.

ஒரு கடி. அவ்வளவுதான். கையை இழுத்தான். வரவில்லை. குளிர்ந்த தண்ணீர் தோலுக்கு அடியில் ஏறியது. மணிக்கட்டு. முழங்கை. தோள். சதை பாறை போல அதைக் குடித்தது. நெஞ்சு நிறைந்தது. உள்ளே ஒன்று நுழைந்தால் இருப்பது வெளியே போயாக வேண்டும். இன்னொரு கையின் நகங்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. அங்கிருந்து அவன் ரத்தம் கொட்டியது. காதிலிருந்து. கண்ணோரத்திலிருந்து. கடைசிச் சொட்டுவரை.

வலி நின்றது. அமன்தாய் சிமெண்ட் தரையில் தேங்கிய ரத்தத்திலிருந்து மேலே பார்த்தான். அவன் உடம்பு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. கையைக் குழாயிலிருந்து பிய்த்தெடுத்து, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தது.

கைப்பேசி மறுபடி அடித்தது. உடம்பு எடுத்தது.

"எங்கங்க இருக்கீங்க, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க!"

அமன்தாய் கத்தினான். தரையில் ஒரு குமிழி வந்து உடைந்தது.

"இதோ கிளம்பிட்டேன்க்கா," என்றது அவன் வாய்.

"இஸ்பசார்?" என்றாள் உல்போசின். பூட்ஸ் இரண்டும் அவனை மிதித்துக்கொண்டு வெயிலில் இறங்கின. தரையின் விரிசல் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சத் தொடங்கியது. அடியில் மணல். மணலுக்கு அடியில் பாறை.