நாரைக்கு முதுகைக் காட்டு

படப்பெட்டியின் மூலையில் மறுபடியும் சிவப்புப் புள்ளி எரிந்தது. காலையிலிருந்து நாற்பத்தோராவது தடவை.

"உன்னை என்ன குழம்பா வைக்கப்போறேன்?" என்று தங்கபுஷ்பம் எதிரே கருவேல மரத்தில் இருந்த நாரையைத் திட்டினாள்.

இரண்டு குஞ்சுகளோடு கூட்டில் நின்ற மஞ்சள்மூக்கு நாரை அவளையே உற்றுப் பார்த்தது. அதன் நெஞ்சு படபடத்தது. படபடப்பு அடங்காமல் அச்சமறிப் பெட்டி படம் எடுக்காது.

எந்திரங்கள் இல்லாததையெல்லாம் படமாக வரைந்து தள்ள ஆரம்பித்த பிறகு, இந்தப் பெட்டியின் முத்திரை விழுந்த படத்தை மட்டுமே அரசு சாட்சியாக ஏற்றது. படமெடுக்கிறோம் என்று துரத்தியவர்களால் கூடுகள் காலியாகவே, பெட்டிக்கு ஒரு பூட்டும் போட்டார்கள். எதிரே வருவது எந்த உயிரானாலும் பெட்டி நுண்ணலை வீசி அதன் இதயத்துடிப்பை எண்ணும். பயந்தால் சிவப்பு; அமைதியானால் பச்சை எரிந்து தானே படம் எடுத்துவிடும்.

இன்று பங்குனி கடைசி. நாரை இங்கே குஞ்சு பொரிக்கிறது என்பதற்குச் சாட்சியாக, கூடும் குஞ்சும் தெரியும்படி ஒரே ஒரு முத்திரைப் படம் சூரியன் மறைவதற்குள் பதிவாக வேண்டும். இல்லையென்றால் நாளை முதல் வாகையடிக்குளம் முழுக்கச் சூரியத்தகடுகள் மிதக்கும். நாரைக்குத் தண்ணீர் கண்ணில் படாது.

சரிபார்க்க வந்த அலுவலர் கிருபாகரனோ, மதியத்திலிருந்து குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"சார்வாள், ஒரு தடவை திரும்பித்தான் பாருங்களேன். கூடு அந்தா இருக்கு."

"என் கண்ணுல முத்திரை இல்லையேக்கா. மணி ஆறு. பொழுது அடைஞ்சா நான் கிளம்பிருவேன்."

கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கடுப்பில்தான் அவளுக்குத் தன் பாத்திரக்கடை நினைவுக்கு வந்தது. ஒரு குத்துவிளக்கைக் கண்ணெடுக்காமல் பார்க்கும் வாடிக்கையாளர் வந்தால் அவளே உஷாராகி விலையை ஏற்றிவிடுவாள். விவரமானவர்கள் விளக்கைப் பார்க்கவே மாட்டார்கள். டம்ளர் விலையைக் கேட்டுவிட்டுத் தெருவைப் பார்த்து நிற்பார்கள்.

"காலையிலேருந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கேன். நாரை உஷாராகாம என்ன செய்யும்?"

பெட்டியைத் தோளில் பின்பக்கம் பார்க்க வைத்து, நாரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"ஏன் சார்வாள், கடலை எங்க வாங்குனது? வறுபடவே இல்லையே."

"வறுபடலையா? திங்காமலே சொல்லுதீயளே!"

"உடைக்கிற சத்தத்துலயே தெரியுதே. நம்மூருல இதை மாட்டுக்குத்தான் போடுவாங்க."

தோளில் பெட்டி 'டிங்' என்றது. பச்சை. தாயின் அலகிலிருந்து குஞ்சு மீனைப் பிடுங்கும் படம், முத்திரையோடு விழுந்திருந்தது. தங்கபுஷ்பம் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எடுத்தவங்க படமும் சேர்க்கணும்க்கா. இதே பெட்டியில," என்று கிருபாகரன் உட்கார்ந்தபடியே, குளத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் மட்டும் திரும்பிப் பெட்டியை வாங்கி அவளை நோக்கிப் பிடித்தார்.

சிவப்பு.

"பயப்படாதீங்க."

"பயப்படாதேன்னா வேற பயமா வருதே!"

சிவப்பு. மேற்கே சூரியன் பனை உச்சிக்கு இறங்கிவிட்டது. மூச்சை இழுத்து விட்டாள். சிரித்துப் பார்த்தாள். நெஞ்சு தவில் வாசித்தது.

கிருபாகரன் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பெட்டியைத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

"எக்கா, உங்க கடையில இட்லிக்கொப்பரை இருக்கா? வாங்கணும்னு இல்ல, சும்மாதான் கேக்கேன்."

அவ்வளவுதான், அவள் முகம் கல்லாவில் உட்கார்ந்த முகமானது. "அலுமினியமா, வெண்கலமா? வெண்கலம்னா சார்வாளுக்காகப் பாத்துப் போடலாம்..."

'டிங்.' பச்சை.

கிருபாகரன் பதிவுப் பொத்தானை அழுத்தினார். 'ஏற்கப்பட்டது' என்று எழுத்து ஓடியது. குளம் தப்பியது.

தங்கபுஷ்பம் அந்த முதுகையே பார்த்தாள். சும்மா கேட்டேன் என்று முதுகைக் காட்டுகிறவர்களை அவளுக்குத் தெரியாதா? மதியத்திலிருந்து இந்த முதுகைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்!

"சார்வாளுக்கும் இந்தக் குளம் ரொம்ப வேணுமோ?"

"எனக்கென்னக்கா? சொன்ன வேலையைச் செய்தேன்," என்று மடியிலிருந்த கடலைத்தோலைத் தட்டிவிட்டு, பெட்டியும் கையுமாக அன்றைக்கு முதல்தடவையாகக் குளத்தின் பக்கம் திரும்பிக் கூட்டையே கண்ணெடுக்காமல் பார்த்தார் கிருபாகரன்.

கூட்டில் நாரை கழுத்தை நீட்டி விறைத்தது. பெட்டியில் சிவப்பு எரிந்தது.