கடப்பாக்கத்தில் காணாமல் போன வேகம்

திருடு போனதாகச் சொல்லப்பட்ட பொருள் கண்ணெதிரிலேயே இருந்தது. உதவி ஆய்வாளர் பானுமதிக்கு அங்கேயே தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது.

புதன்கிழமை காலை, கடப்பாக்கம் குப்பம். படகுக்காரர் தேவேந்திரனின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மட்டும்தான். முன்னறையில் ஒரு மேசை. அதன்மேல் முந்தின நாள் வந்திறங்கிய 4கே மானிட்டர். மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி, பக்கவாட்டில் கண்ணாடி போட்ட கம்ப்யூட்டர் பெட்டி.

“இதானே கிராஃபிக்ஸ் கார்டு?” பானுமதி கண்ணாடியைத் தட்டினாள். “உள்ளதான் இருக்கே. அப்போ எது திருட்டுப் போச்சு?”

“இது அது இல்ல மேடம். ஒரிஜினல உருவிக்கினு டூப்ளிகேட்ட சொருவிக்கீறா அந்தப் பொண்ணு” என்றார் தேவேந்திரன்.

அந்தப் பொண்ணு என்பவள் ஜாய்ஸ். செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவள். இந்த நிமிஷம் வாசலில் நின்ற ஜீப்பில் வெளிறிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். தேவேந்திரனின் தங்கை ரோகிணிக்குப் பகலில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை. சாயங்காலம் கம்ப்யூட்டரில் கேம் ஆடி, அதை நேரலையில் நாலு பேருக்குக் காட்டுவாள். பெரிய மானிட்டர் வாங்க ஆசை வந்தது. தன் பெட்டி தாங்குமா என்று ஜாய்ஸைக் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். 4கே என்றால் திரையில் புள்ளிகள் பழையதைப் போல நாலு மடங்கு. அத்தனையையும் கண் இமைப்பதற்குள் பலமுறை வரைந்து தள்ள வேண்டியது கார்டின் பாடு.

ஜாய்ஸ் பெட்டியைக் கடைக்கு வாங்கிப் போனாள். தூசி தட்டினாள், கடையிலிருந்த 4கே மானிட்டரில் கேமை ஓட்டிப் பார்த்தாள், தாங்கும் என்று சொல்லி சனிக்கிழமை திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் பழைய மானிட்டரைச் சித்தி வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை புதிது வந்தபோது ரோகிணி வேலைக்குப் போயிருந்தாள். அண்ணனே மாட்டி வைத்தார். படம் கண்ணைப் பறித்தது. ஆனால் கேமைத் திறந்தால், துப்பாக்கி வீரன் சேற்றில் கால் மாட்டியவன் மாதிரி நடந்தான்.

தாங்கும் என்று சொன்னவள் பெட்டியைப் பிரித்தும் இருக்கிறாள். தேவேந்திரனுக்கு அது போதும். இன்றைக்குப் புகார் பதிவானால் ஜாய்ஸுக்கு நாளை முதல் வேலை இல்லை என்று கடை முதலாளி சொல்லிவிட்டார். திருட்டுப் பெயர் வாங்கிய மெக்கானிக்கிடம் அதன் பிறகு எவன் பெட்டியைப் பிரிக்கக் கொடுப்பான்?

பானுமதி முதலில், வேலைக்கு லீவு போட்டிருந்த ரோகிணியை விசாரித்தாள்.

“கார்டு மாறிடுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியல மேடம். கம்ப்யூட்டர்ல பேரு கரெக்டாதான் காட்டுது.”

“பேரு இன்னா பேரு?” என்று தேவேந்திரன் குறுக்கே வந்தார். “டூப்ளிகேட் எஞ்சின் ஆயில்ல கூடத்தான் கம்பெனி பேரு ஒட்டிக்கீது.”

பானுமதி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். ரோகிணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ஒண்ணுதான் மேடம் சந்தேகமா கீது. முன்னெல்லாம் ஆடும்போது பெட்டிலேர்ந்து கால்ல அனல் அடிக்கும். இப்போ எம்மா நேரம் ஆடினாலும் ஜில்லுனு கீது.”

பானுமதி கேமை ஓடவிடச் சொல்லி, பெட்டியின் பின்னால் கையை விட்டாள். காற்று குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் கார்டின் விசிறிகள் சுற்றவே இல்லை. டார்ச் அடித்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மேலே கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், மானிட்டர் என்று வயர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கீழே கறுப்பாக ஒரு பட்டை. அதைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. மணல் லாரி பிடிப்பதென்றால் அது வேறு.

அடுத்து ஜாய்ஸ்.

“கார்டை மாத்தினியா?”

“இல்ல மேடம்.”

“அப்போ ஏன் ஓடல?”

“எனக்கே கொழப்பமா கீது மேடம். கடையில நல்லா ஓடிச்சு. நேத்து போன்ல அண்ணாத்தயாண்ட, மானிட்டர் வயரை எதுல சொருவினீங்கன்னு கேட்டேன். ஒரே ஓட்டைதான் கீது, அதுலதான் சொருவிக்கீறேன்னாரு. அது எப்படின்னு புரியல. வந்து பாக்கறேன்னேன், வூட்டாண்ட வராதேன்னுட்டாரு.”

பானுமதிக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. பொருள் இருக்கிறது, பேர் இருக்கிறது, வேலை மட்டும் நடக்கவில்லை. இப்படி ஒரு திருட்டை அவள் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து, படகில் விட்டு வந்த ஜி.பி.எஸ். பெட்டியை எடுத்து வந்துவிடுகிறேன் என்று தேவேந்திரன் கிளம்பினார். வெயிலில் சும்மா நிற்பதற்குப் பதிலாக, பானுமதியும் கூட நடந்தாள்.

கரையேற்றி வைத்த ஃபைபர் படகில் ஏறி, ஜி.பி.எஸ். பெட்டியிலிருந்து வயரைக் கழற்றினார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அடுத்த காரியமாக, தொங்கிய வயர் முனையில் கிரீஸ் தடவி, இடுப்பிலிருந்து எடுத்த டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து இறுக்கச் சுற்றினார். குழந்தைக்கு மூக்குத் துடைத்துவிடுவது போல, யோசிக்காமல் செய்தார்.

“இது எதுக்கு?”

“உப்புக் காத்து மேடம். தொறந்து வுட்டா பச்சை பூத்துப் பூடும். எங்காளுங்க எதையும் தொறந்து வுட மாட்டோம்.” பெருமையாகவே சொன்னார்.

பானுமதி டேப்பைப் பார்த்தாள். கறுப்பு டேப்.

“வூட்லயும் இப்படித்தானா?”

“பின்ன? கடல் எதிர்லயே கீது இல்ல.”

அவள் திரும்பி வீட்டை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். ஜீப்பிலிருந்து ஜாய்ஸைக் கையோடு உள்ளே அழைத்து வந்தாள். தேவேந்திரன் முறைத்தார், அவள் கண்டுகொள்ளவில்லை.

“ஜாய்ஸ், மானிட்டர் வயர் சொருவ அந்தக் கார்டுல எத்தனை ஓட்டை?”

“நாலு மேடம்.”

“நாலுல ஒண்ணுகூட இவர் கண்ணுக்குத் தெரியல. ஏன்னா, நாலையும் மூடினவரே இவர்தான்.”

பானுமதி பெட்டியை வெளியே இழுத்துத் திருப்பினாள். கீழே இருந்த கறுப்புப் பட்டை, பெட்டியோடு வந்தது இல்லை. நீளமாக ஒட்டிய டேப்.

“சனிக்கிழமை பெட்டி வந்துச்சு. மானிட்டர் இல்ல. ஓட்டையெல்லாம் காத்துக்குத் தொறந்து கிடந்தது இவருக்குப் பொறுக்கல, ஒட்டிட்டாரு. மேல வயர் நெரிசல்ல டேப் ஒட்ட வழியில்ல, அங்க ஒரு ஓட்டை தப்பிச்சிடுச்சு. நேத்து அதுலயே மானிட்டரைச் சொருவிட்டாரு. அது இன்னா ஓட்டைம்மா?”

“அது மதர்போர்டோடது மேடம்.” ஜாய்ஸுக்கு மூச்சு திரும்பியது. “கார்டு இல்லாத ஆபீஸ் பெட்டிக்கு வெச்சது. படம் வரும், கேம் இழுக்காது. கார்டு சும்மா கெடந்துக்கீது.”

“சும்மா கெடந்தா எப்படிச் சூடாகும்? அனல் அடிக்கலன்னு ரோகிணி சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். திருடனும் இல்ல, திருட்டும் இல்ல. தேவேந்திரன், உங்க பழக்கம்தான் குற்றவாளி.”

ரோகிணி தலையில் கை வைத்துக்கொண்டாள். பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“உள்ள கிரீஸ் வெச்சீங்களா அண்ணாத்த?” என்று ஜாய்ஸ் கவலையோடு கேட்டாள்.

“இல்லம்மா. டேப்பு மட்டும்தான்.” தேவேந்திரனின் குரல் பாதியாகியிருந்தது.

ஜாய்ஸ் டேப்பை உரித்து, வயரைக் கீழே மாற்றினாள். கேம் திறந்தது. கார்டின் விசிறிகள் உறுமிக்கொண்டு கிளம்பின. திரையில் வீரன் ஓடினான், குதித்தான், சுவரேறினான். கேமில் நிழல்களின் தரத்தை மட்டும் ஒரு படி இறக்கி வை, எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால் இந்தப் பெட்டி திணறும் என்று ஜாய்ஸ் சொன்னாள். ரோகிணி அதைக் கேட்டாளா தெரியவில்லை. காலைப் பெட்டிப் பக்கம் நீட்டி, “அனல் அடிக்குது” என்று சிரித்தாள்.

தேவேந்திரன் பானுமதியிடம் புகார் மனுவைத் திருப்பிக் கேட்டார். வாங்கி நாலாகக் கிழித்தார். பிறகும் ஜாய்ஸ் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “தப்பாப் பேசிட்டேம்மா. உன் மொதலாளியாண்ட நானே வந்து சொல்றேன்.”

“இன்னைக்கே வாங்க அண்ணாத்த” என்றாள் ஜாய்ஸ். அவளுக்குக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. கையை நீட்டினாள். “அந்த டேப்பைக் கொஞ்சம் குடுங்க.”

அவர் கொடுத்தார். அவள் ஒரு துண்டு கிழித்து, மேலே வயர்களுக்கு நடுவில் காலியாக இருந்த அந்த ஓட்டையை அழுத்தி மூடினாள்.